அடியும் இல்லை, திட்டும் இல்லை, கேட்பாரும் இல்லை: அப்படி வளர்ந்தவர்களுக்குப் பிறகு என்ன ஆகிறது?

கேள்வி சுருக்கமாக இது: "என் பெற்றோர் என்னை அடித்ததில்லை. வேளைக்குச் சாப்பாடு இருந்தது, பள்ளிக்கு அனுப்பினார்கள். ஆனால் நான் ஏன் அழுகிறேன், எதற்குப் பயப்படுகிறேன் என்று யாரும் கேட்டதே இல்லை. இப்போது முப்பதைத் தாண்டிவிட்டேன். யாரிடமும் ஒட்ட முடியவில்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா, இல்லை நானாகச் சாக்குத் தேடுகிறேனா?"

சம்பந்தம் இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. சாக்கோ என்று உங்களையே சந்தேகப்படுகிறீர்களே, அந்தச் சந்தேகத்தை இப்படி வளர்ந்த பலரிடமும் பார்க்கலாம். அடி வாங்கி வளர்ந்தவருக்குச் சொல்ல ஒரு சம்பவம் இருக்கும்: இந்த வயதில், இந்த அறையில், இதற்காக அடித்தார் என்று. கேட்பாரற்று வளர்ந்தவருக்கு அப்படிச் சொல்ல ஒன்றும் இருக்காது. நடக்காமல் போனதை யாரும் ஞாபகத்தில் வைத்திருப்பதில்லை. காய்ச்சலில் கிடந்தபோது யாரும் நெற்றியில் கை வைத்துப் பார்க்கவில்லை என்பது அந்த வயதில் ஒரு குறையாகவே தெரியாது. உலகமே அப்படித்தான் போலிருக்கிறது என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். பெரியவரான பிறகு அதுவே சுபாவம் என்று பெயர் வாங்கிவிடுகிறது. "நான் யார்கிட்டயும் எதையும் எதிர்பார்க்க மாட்டேன்" என்று கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்பவர்களில் பலர், ஒரு காலத்தில் எதிர்பார்த்து எதிர்பார்த்துக் கைவிட்டவர்கள்.

எதைப் புறக்கணிப்பு என்று சொல்லலாம் என்பதில் இணையத்தில் நிறையக் குழப்பம் இருக்கிறது. சாப்பாடு, உடை, மருத்துவம், பாதுகாப்பு, படிப்பு இவற்றைக் கொடுக்கத் தவறுவது ஒரு வகை. அது வெளியே தெரியும். பக்கத்து வீட்டுக்காரரோ ஆசிரியரோ கண்டுபிடித்துவிடலாம். பிள்ளையின் மனதில் என்ன ஓடுகிறது என்று பார்க்காமலே விடுவது இன்னொரு வகை. நீங்கள் கேட்பது இதைப் பற்றி. வறுமையை இதோடு சேர்க்கக் கூடாது. இரண்டு வேலை பார்த்துவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பும் அம்மா, தூங்கும் பிள்ளையின் முழங்காலில் புதிதாக ஒரு சிராய்ப்பைப் பார்த்து, மறுநாள் காலையில் "எங்கடா விழுந்த?" என்று கேட்டால், அந்தப் பிள்ளை கவனிக்கப்பட்ட பிள்ளை. நாள் முழுக்க வீட்டிலேயே இருந்தும் அந்தச் சிராய்ப்பு கண்ணில் படாத வீடுகளும் உண்டு. அதேபோல், அப்பா ஒருமுறை பள்ளி விழாவுக்கு வரவில்லை, அம்மா ஒரு வாரம் எரிந்து விழுந்தார் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. ஆண்டுக்கணக்கில் அதுவே வாடிக்கையாக இருந்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இது சின்ன விஷயம் இல்லை என்று ஆய்வாளர்களுக்குப் புரியவே காலம் பிடித்தது. எட்வர்ட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் செய்த சோதனை ஒன்று பலருக்குத் தெரிந்திருக்கும். தாய் தன் கைக்குழந்தையிடம் வழக்கம்போல் கொஞ்சுவார். பிறகு சில நிமிடங்களுக்கு முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். திட்டு இல்லை, அடி இல்லை, தாய் எழுந்து போகவும் இல்லை. குழந்தைக்குச் சில நொடிகளில் ஏதோ தப்பு என்று தெரிந்துவிடும். சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்தும். ஒன்றும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு துவண்டுபோகும். அதே டிரானிக் சொன்ன இன்னொன்று பெற்றோருக்கு ஆறுதலாக இருக்கும்: நல்ல தாய்மாரும்கூடக் கணிசமான நேரம் குழந்தையோடு ஒத்துப்போவதில்லை. குழந்தை ஒன்றைக் கேட்கும், தாய் வேறொன்றைப் புரிந்துகொள்வார். பிறகு சரிசெய்துகொள்வார்கள். அந்தச் சரிசெய்தல் திரும்பத் திரும்ப நடந்தால், 'உறவில் ஒரு பிசகு வந்தாலும் ஒட்டவைக்க முடியும்' என்ற நம்பிக்கை பேச்சு வருவதற்கு முன்பே உடம்பில் ஊறிவிடுகிறது. புறக்கணிப்பில் விடுபட்டுப்போவது முக்கியமாக இதுதான்.

இன்னொரு ஆய்வு உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், சுமார் ஒரு வயதுக் குழந்தைகளைப் புதிய அறை ஒன்றில் தாயோடு விளையாடவிட்டார். தாய் சிறிது நேரம் வெளியே போய்த் திரும்பி வருவார். பெரும்பாலான குழந்தைகள் அழுது, தாய் வந்ததும் ஓடி ஒட்டிக்கொண்டு, சமாதானமாகி, மறுபடி விளையாடப் போயின. சில குழந்தைகள் அழவே இல்லை. தாய் திரும்பி வந்தபோது ஏறிட்டும் பார்க்காமல் பொம்மையை உருட்டிக்கொண்டிருந்தன. பார்க்கிறவருக்கு 'எவ்வளவு சமர்த்து!' என்றுதான் தோன்றும். 1977-இல் ஆலன் ஸ்ரூஃபும் எவரெட் வாட்டர்ஸும் இப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து வெளியிட்டார்கள். அழாத அந்தக் குழந்தைகளுக்கும் துடிப்பு எகிறியிருந்தது. உள்ளே பதற்றம் அப்படியே இருக்கிறது. வெளியே காட்டுவது மட்டும் நின்றுவிட்டது. வீடுகளுக்கே போய் ஐன்ஸ்வொர்த் கவனித்திருந்தார். நெருங்கி வரும்போதெல்லாம் தள்ளிவிடப்பட்ட குழந்தைகளே பெரும்பாலும் இப்படி இருந்தன. அழுதால் ஆள் வராது, சில சமயம் இன்னும் விலகிப்போவார் என்று ஒரு வயதுக்குள் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப நடந்துகொண்ட குழந்தைகள். அந்தச் சூழ்நிலையில் அது புத்திசாலித்தனமும்கூட.

இனி முப்பது வருடம் தள்ளி வருவோம். இப்படி வளர்ந்த ஒருவர், திருமணமாகி நல்ல துணையோடு இருப்பவர். அவருக்கு அலுவலகத்தில் நெஞ்சு வலி வருகிறது. மாலைவரை பொறுத்துக்கொள்கிறார். பிறகு தானே வண்டியை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். விண்ணப்பத்தில் 'அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்' என்ற கட்டத்துக்கு வரும்போது பேனா நிற்கிறது. பெயர் தெரியாமல் இல்லை. மனைவி இரண்டு கிலோமீட்டரில் இருக்கிறார். அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு அடுத்ததை நிரப்புகிறார். இரவு விஷயம் தெரிந்து மனைவி அழுகிறார்: "என்கிட்ட ஏன் சொல்லலை?" இவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்துச் சொல்லும் பதில்: "சொல்லணும்னு தோணவே இல்லை." மனைவிக்கு அது அவமானமாகப் படுகிறது. இவர் பொய் சொல்லவும் இல்லை, அவரை ஒதுக்கவும் இல்லை. வலி வந்தால் ஒரு ஆளை நோக்கித் திரும்புவது என்ற பழக்கமே இவரிடம் உருவாகவில்லை. இந்த இடத்தில்தான் பல மணவாழ்க்கைகள் விரிசல் விடுகின்றன என்பது என் கருத்து. சண்டை போடும் தம்பதிகளைவிட, 'எனக்கு நீ தேவை' என்று ஒருமுறைகூடச் சொல்லத் தெரியாதவரோடு வாழ்பவர் சீக்கிரம் களைத்துப்போகிறார்.

எல்லோரும் இந்த ஒரே திசையில் போவதில்லை. சிலர் நேர் எதிராக, கிடைத்தவரை இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். வாட்ஸ்ஆப்பில் நீல டிக் விழுந்தும் பத்து நிமிடம் பதில் வரவில்லை என்றால் உறவே முடிந்துவிட்டதாக உடம்பு நடுங்கும். வீட்டில் எப்போதாவது கவனிப்பு கிடைத்து, எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் வளர்ந்தவர்களிடம் இது அதிகம். இன்னும் சிலர் எல்லோருக்கும் ஓடி ஓடிச் செய்வார்கள். சிறு வயதிலேயே தம்பி தங்கையை வளர்த்து, அம்மாவின் அழுகையையும் துடைத்துவிட்டவர்கள் இவர்கள். அடுத்தவருக்கு என்ன தேவை என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் விழிப்பார்கள். ஊர் இவர்களைக் கொண்டாடும். அதனாலேயே யாரும் கவனிப்பதில்லை.

தன் உணர்ச்சி தனக்கே பிடிபடாமல் இருப்பதும் உண்டு. கைக்குழந்தைக்குப் பசியும் கோபமும் பயமும் ஒரே கலவரமாகத்தான் தெரியும். "பயந்துட்டியா? அந்தச் சத்தம்தானே?" என்று யாராவது எடுத்துச் சொல்லச் சொல்லத்தான் அவை தனித்தனியாகப் பிரிகின்றன. அப்படிச் சொல்ல ஆளில்லாமல் வளர்ந்தவர்களில் சிலருக்குத் துக்கம் தலைவலியாகவும், கோபம் வயிற்றெரிச்சலாகவும் வருகிறது. டாக்டர் டாக்டராக அலைவார்கள், ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்று வரும். பாராட்டைக் கேட்கவே கூசுவது, காரணமில்லாத வெறுமை, சின்னத் தப்புக்கும் 'நானே தப்பான ஆள்' என்ற வெட்கம், இவற்றையும் அடிக்கடி பார்க்கலாம்.

அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கவனிப்பு என்பது பாசம் மட்டும் இல்லை, கற்றுக்கொடுப்பதும்தான். பல்லை எப்படித் தேய்ப்பது, மாதவிடாய் வந்தால் என்ன செய்வது, பணத்தை எப்படிப் பிரித்து வைப்பது, எந்த வலிக்கு டாக்டரிடம் போக வேண்டும், சண்டைக்குப் பிறகு எப்படிப் பேச்சைத் தொடங்குவது, இதையெல்லாம் யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லித் தந்திருக்க வேண்டும். தராமல் விட்டால், நாற்பது வயதில் ஒரு நிறுவனத்தையே நடத்துபவர்கூட பல் டாக்டரிடம் போகக் கூசி, சொத்தை வேர்வரை போகும்வரை காத்திருப்பார். 'இதுகூடத் தெரியாதா' என்ற வெட்கம் கேட்கவும் விடாது. இவர்களைச் சோம்பேறி, பொறுப்பில்லாதவர் என்று சொல்லிவிடுவது எளிது. கற்காமல் விட்டதை எந்த வயதிலும் கற்கலாம். உண்மையில் இந்தப் பட்டியலிலேயே சீக்கிரம் சரியாவது இதுதான்.

புறக்கணிப்பின் கடைசி எல்லையை ருமேனியாவின் அநாதை இல்லங்களில் உலகம் பார்த்தது. 1966-இல் சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் அரசு கருக்கலைப்பைத் தடைசெய்தது. வளர்க்க வழியில்லாத குழந்தைகள் அரசு இல்லங்களில் குவிந்தன. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது அங்கே லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். உணவு ஓரளவு இருந்தது, தொட்டில் இருந்தது, தூக்கிக் கொஞ்ச ஆள் இல்லை. பல அறைகள் அமைதியாக இருந்ததாகப் போனவர்கள் எழுதினார்கள். அழுது பயனில்லை என்று குழந்தைகள் அழுகையையே நிறுத்தியிருந்தன. சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஸீனா என்ற ஆய்வாளர்கள் மூவரும் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 136 குழந்தைகளை வைத்து நீண்ட ஆய்வு நடத்தினார்கள். பாதிப் பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். இரண்டு வயதுக்குள் போன குழந்தைகள், ஒருவரை நம்பி ஒட்டிக்கொள்வதில் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். இங்கிலாந்தில் தத்தெடுக்கப்பட்ட ருமேனியக் குழந்தைகளைக் குழந்தை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரின் குழு இளமைப் பருவம்வரை தொடர்ந்தது. 2017-இல் வெளியான முடிவில் இரண்டு செய்திகள் நமக்கு முக்கியம். ஆறு மாதத்துக்கு மேல் இல்லத்தில் இருந்தவர்களில் பலருக்கு மனச்சோர்வும் பதற்றமும் சிறு வயதில் அவ்வளவாக இல்லாமல், பெரியவரான பிறகு கூடின. 'அப்போ நல்லாத்தானே இருந்தேன், இப்போ என்ன' என்று கேட்பவர்களுக்கு இதில் பதில் இருக்கிறது. இரண்டாவது, அப்படி நீண்ட காலம் இருந்தவர்களிலேயே சுமார் ஐந்தில் ஒருவருக்கு எந்தக் கட்டத்திலும் பெரிய பிரச்சினையே வரவில்லை.

உங்கள் வீடு ருமேனிய இல்லம் இல்லை. அங்கே கண்டதை அப்படியே இங்கே பொருத்தினால் தவறாகிவிடும். அந்த இல்லங்களுக்கும் நல்ல வீட்டுக்கும் இடையில் வளர்ந்தவர்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் காட்டுவது, அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் நடத்திய சிறுவயதுத் துன்ப அனுபவங்கள் பற்றிய ஆய்வு. இரண்டு கட்டங்களாக 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்கள் பங்கேற்றார்கள். சிறுவயதில் பட்ட துன்ப வகைகள் கூடக்கூட, பின்னாளில் மனச்சோர்வு, போதைப் பழக்கம், இதய நோய் போன்றவற்றின் வாய்ப்பும் கூடியது. 1998-இல் வந்த அவர்களின் முதல் கட்டுரையில் இருந்த ஏழு வகைகளில் புறக்கணிப்பு இல்லவே இல்லை. அடுத்த கட்டத்தில்தான் சேர்த்தார்கள். ஆய்வாளர் கண்ணிலேயே தப்பியது வீட்டார் கண்ணில் படாததில் வியப்பில்லை. இந்த ஆய்வின் மதிப்பெண்ணை, அதாவது தங்களுக்கு எத்தனை துன்ப வகைகள் நடந்தன என்ற எண்ணிக்கையை, இணையத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, 'எனக்கு ஆறு, என் கதை முடிந்தது' என்று சிலர் பயப்படுகிறார்கள். வேண்டாம். அது பெருங்கூட்டத்தைப் பற்றிப் பேசும் கணக்கு. தனி ஒருவரின் எதிர்காலத்தை அதை வைத்துச் சொல்ல முடியாது என்று 2020-இல் ஆண்டாவே சக ஆய்வாளர்களோடு எழுதினார்.

"நான் மிகைப்படுத்துகிறேனா? என் அண்ணனைக் கேட்டால் அப்படி ஒன்றும் இல்லை என்கிறான்" என்பது அடுத்து வரும் கேள்வி. ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே பெற்றோர் கிடைப்பதில்லை. மூத்தவன் பிறந்தபோது நன்றாக இருந்த அம்மா, இளையவள் பிறந்தபின் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வில் விழுந்திருக்கலாம். ஞாபகமும் கேமரா இல்லை. நீதிமன்றப் பதிவுகளில் கொடுமையோ புறக்கணிப்போ உறுதியான குழந்தைகளைக் கேத்தி விடம் என்ற ஆய்வாளர் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார். ஆந்த்ரேயா டனேஸியும் அவரும் 2020-இல் வெளியிட்ட அலசலின்படி, பதிவேட்டில் இருப்பதைவிட, அப்படி வளர்ந்தவர் தனக்கு நடந்ததாக எப்படி உணர்கிறார் என்பதோடுதான் பின்னாள் மனநலக் கோளாறுகள் அதிகம் தொடர்புகொண்டிருந்தன. இதை வைத்து 'எல்லாம் மனப்பிரமை' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எனக்குப் புரிவது வேறு: நடந்ததை மாற்ற முடியாது, ஆனால் அது உள்ளே எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதில் கைவைக்க முடியும்.

இந்த இடத்தில் உளவியலாளர் மேரி மெய்னின் வேலை உதவும். 1980களில் அவரும் சகாக்களும் பெரியவர்களை உட்காரவைத்துப் பேட்டி எடுத்தார்கள். அம்மாவோடு இருந்த உறவை ஐந்து சொற்களில் சொல்லச் சொல்வார்கள். பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சம்பவம் கேட்பார்கள். "பாசமானவங்க" என்று சொன்னவர் சம்பவம் கேட்டதும், "அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்லை, பாசமாத்தான் இருந்தாங்க" என்பார். இன்னொருவர், "அம்மா ஒதுங்கியே இருப்பாங்க. நான் மேடையில பரிசு வாங்கிட்டு வந்து காட்டினப்ப, அதை வாங்கி அலமாரி மேல வெச்சுட்டுப் போயிட்டாங்க. அவங்களுக்கு அப்ப உடம்பும் மனசும் சரியில்லைன்னு இப்பப் புரியுது, ஆனா எனக்கு அன்னிக்கு வலிச்சது" என்பார். இரண்டாமவரின் சிறுவயது கசப்பானது. ஆனாலும் தன் பிள்ளையோடு பாதுகாப்பான உறவு வைத்திருக்கும் வாய்ப்பு இவருக்கே அதிகம். நடந்தது நல்லதா கெட்டதா என்பதைவிட, அதைக் கோவையாகச் சொல்ல முடிகிறதா என்பது அடுத்த தலைமுறையை அதிகம் பாதிக்கிறது. ஆகவே 'என் பிள்ளைக்கும் இதையே செய்துவிடுவேனோ' என்ற பயத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரிய முடிவுகளிலிருந்து தொடங்க மாட்டேன். சின்னதாக ஒன்றைக் கேட்டுப் பழகுங்கள். "வர்ற வழியில எனக்கு மாத்திரை வாங்கிட்டு வர்றியா?" என்பது போதும். கேட்கும்போது நெஞ்சு படபடக்கும், நீங்களே போய் வாங்கிவிடலாம் என்று தோன்றும். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். கேட்டது கிடைக்கிறது என்ற அனுபவம் பலமுறை சேரச் சேரத்தான் உடம்பு நம்பத் தொடங்கும். புத்தகம் படித்து அது வராது. துணைவரிடம் ஒரு முறை வெளிப்படையாகச் சொல்லிவையுங்கள்: "நான் பேசாம இருந்தா உன் மேல கோபம்னு நினைக்காத. எனக்குச் சொல்லத் தெரியலை. ரெண்டு தடவை கேளு." இந்த ஒரு வாக்கியம் பல சண்டைகளைத் தவிர்க்கும்.

பெற்றோரிடம் கேட்கலாமா? கேட்கலாம், ஆனால் என்ன பதில் வரும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்துப் போங்கள். பெரும்பாலும் வருவது "உனக்கு என்ன குறை வெச்சோம்?" என்பதுதான். அவர்கள் கணக்கில் அது நேர்மையான கேள்வி. அவர்களையும் யாரும் கேட்டதில்லை. இல்லாததை எப்படித் தருவது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. குடி, கடன், மனநோய், இடிந்துபோன மணவாழ்க்கை என்று பின்னணியில் ஏதாவது இருந்திருக்கும். அதைப் புரிந்துகொள்வது நல்லது. புரிந்துகொண்டதால் மன்னித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. மன்னித்தால்தான் குணமாகும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வயதான காலத்தில் அவர்களைப் பார்த்துக்கொண்டே, உள்ளுக்குள் வருத்தத்தோடும் இருக்கலாம். பலர் அப்படித்தான் இருக்கிறார்கள்.

தூக்கம் கெட்டு, வேலை கெட்டு, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், நல்ல உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் தொடர்ந்து போவது பயன்தரும். உளவியலாளர் ஜெஃப்ரி யங் உருவாக்கிய ஸ்கீமா தெரபி என்ற சிகிச்சையில், சிறு வயதில் மனதில் பதிந்துபோன எண்ணங்களைக் கையாளும் முறை அது, 'உணர்வுப் பற்றாக்குறை' என்பதற்குத் தனி இடமே இருக்கிறது. முறை எதுவானாலும், வாராவாரம் ஒருவர் உங்களை முழுக் கவனத்தோடு கேட்பது பாதி மருந்து. ஆரம்பத்தில் அது சங்கடமாக இருக்கும், மூன்றாவது வாரம் 'எனக்குச் சரியாயிடுச்சு' என்று நின்றுவிடத் தோன்றும். அப்போது நின்றுவிடாமல், நின்றுவிடத் தோன்றுகிறது என்பதையே அவரிடம் சொல்லுங்கள்.

முதல் சந்திப்பில் "சின்ன வயசு எப்படி இருந்தது?" என்று கேட்பார். உங்கள் வாயில் தன்னால் "நல்லாத்தான் இருந்தது" என்று வந்துவிடும், அவரும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அதனால் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள்: அழுதபோது யாரிடம் போனேன், உடம்பு சரியில்லாதபோது யார் பக்கத்தில் இருந்தார்கள், நல்ல செய்தியை முதலில் யாரிடம் சொன்னேன். பதில் 'யாரும் இல்லை' என்றால் அதையும் அப்படியே எழுதிக் காட்டுங்கள்.